கீழ்முறி

ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு நிலை வீடு.
தோட்டுப் பக்கம் இறங்கி வந்தால் இரண்டு.
அருமனையில் சரிவில் வீடு வைத்தவர்கள் எல்லாருக்கும்
வரி ரசீதில் வராத ஒரு முறி உண்டு.

எங்களுடையதில் ரப்பர் ஷீட் கிடந்தது.
விலை ஏறும் ஏறும் என்று பூட்டி வைத்து,
பூசணம் ஏறியது.
வந்த விலைக்கு விற்ற மறுநாள்
டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
நீளம் பத்தடி, அகலம் எட்டேகால்,
உயரம் என் நெற்றி நிலையில் இடித்த அளவு.

மேலே ஹாலில் ஏழு மாதம் வேலை பார்த்தாயிற்று.
குக்கருக்கு மியூட்.
மீன் வண்டி ஹாரனுக்கு மியூட்.
"அம்மா, இவன் கடிச்சிட்டான்", மியூட்.
ஒருநாள் மறந்துபோய்,
நான் சாளைக்குப் பேரம் பேசியதை
மூன்று நாடுகளில் பதினான்கு பேர் கேட்டார்கள்.

வில்பிரட் வயர் இழுக்க வந்தான்.
"இதுக்குள்ளயா மைனி இருக்கப் போறிய?
பாம்பே ரெண்டு தடவ யோசிக்கும்."
யோசிக்கட்டும். அதற்கு மாதத் தவணை கிடையாது.

மூன்று பிளக், ஒரு டியூப்,
இன்வெர்ட்டருக்குத் தனி லைன்.
இன்டர்நெட் கேபிள் குளிமுறி வழியாக வெளியேறி
கறிவேப்பிலைக் கொப்பில் ஒரு சுற்றுச் சுற்றி
உள்ளே வருகிறது.
எதிரொலிக்கு முட்டை அட்டை;
மார்த்தாண்டத்து பேக்கரியில் சும்மா தந்தார்கள்,
ஒன்றரைச் சுவருக்குத்தான் காணும்.
'பின்னால் என்ன டிசைன்?' என்று கேட்டார்
சௌம்யதீப், என் மேலதிகாரி.
'இங்கே இதுதான் இப்போது' என்றேன்.

பினாயில், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு இரண்டு கோட்.
ஒட்டுப்பால் நாற்றம் நகரவில்லை.
கேமராவுக்கு மூக்கு இல்லாதது
இந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒன்று.

மேட்டுப் பக்கம், கூரையை ஒட்டி
ஒரு முழ ஜன்னல்.
வெளியே அது தரைமட்டம்.
அதில் ஆட்கள் வருவதில்லை.
கோழிக்கால், நாய்க்கால்,
கேஸ் சிலிண்டர் உருட்டும் பையனின் நீலச் செருப்பு.
நாலரை மணிக்கு, தலையில் விளக்கு கட்டி
ரப்பர் வெட்டப் போகும் ஏசுவடியானின்
வெளிச்சம் முதலில், பாதம் பிறகு.

அவர்களுக்குப் பகல் முடியும் நேரம் அது.
எனக்கு அன்றைய தொண்ணூறில் எண்பத்திரண்டாவது ஃபைல்:
ஒகையோ. ஆண். அறுபத்தொன்று. சர்க்கரை.
வலது காலில் மூன்று விரல்கள் எடுத்த செலவு.
முன் அனுமதி இல்லை. நிராகரி.
காரணத்துக்கு ஒரு எண் இருக்கிறது,
பார்க்காமலே அடிக்க விரலுக்குத் தெரியும்.

ஜன்னலில் வெளிச்சம் வந்தது.
பாதம் வந்து நின்றது,
பீடி பற்றவைக்கவாக இருக்கும்.
எண்ணினேன். பத்து.
ஏன் எண்ணினேன் என்று கேட்காதீர்கள்.
ஃபைலைத் திரும்ப முதலிலிருந்து திறந்தேன்.
பதினொன்றாம் பக்கத்தில்
தலைகீழாக ஸ்கேன் ஆகிக் கிடந்தது அனுமதிக் கடிதம்.

அன்று எண்பத்தி நாலுதான் முடிந்தது.
'ஆறு குறைகிறது' என்று எழுதினார் சௌம்யதீப்.
தமிழில் ஒரு பதில் சொன்னேன். மியூட்.

இப்போது ஐப்பசி.
மேட்டுப் பக்கச் சுவர் வியர்த்து,
முட்டை அட்டை ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது.
சிபியூ செங்கல் மேல். என் கால் வாளியைக் கவிழ்த்து அதன் மேல்.
எங்கேயோ உள்ளே ஒரு தவளை;
'யாரோ எதையோ மெல்கிறீர்கள்' என்கிறார்கள் மீட்டிங்கில்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மழையானால் ரப்பருக்கு வெட்டு இல்லை.
ஐந்து நாளாக நாலரை மணி இருட்டாகவே வருகிறது.
ஒகையோவில் மழை இல்லை போலிருக்கிறது,
ஃபைல் நிற்கவில்லை.
வில்பிரட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்,
மோட்டார் ஒன்று வேண்டும், சின்னதாக,
சத்தம் போடாததாக.